நிறுத்தச் சொன்ன மாத்திரை

டாக்டரின் அறைக்குப் பதினான்கு படிகள் ஏற வேண்டும். இரும்புலியூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவருடைய கிளினிக். முட்டி வலிக்காரியை மாடிக்கு வரச் சொல்கிற மனுஷன் என்று முதல் நாளே மனதுக்குள் திட்டினேன்.

எனக்கு வந்தது ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் (மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துபோவது). பள்ளிக்கூட டீச்சர், நின்றே பிழைக்கும் வேலை. 2003 கடைசியில், புதிதாக வந்திருந்த ஒரு வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் கரும்பலகை முன்னால் நாள் முழுக்க நின்றேன். அதன் பிறகு பத்து மாதம் படிகளை எண்ணவே இல்லை.

வாசலில் கூடையை இறக்கி உட்கார முடியாமல் தவித்த மீன்காரி வசந்தாவுக்கும் அந்த மாத்திரையில் ஒரு பட்டை கொடுத்தேன். தீர்ந்ததும் இன்னொன்று. மாதக்கணக்கில் இது நடந்தது. நமக்குக் கேட்ட மருந்து அடுத்தவருக்கும் கேட்கும் என்று நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

ஒரு திங்கட்கிழமை டாக்டரே போன் செய்து வரச் சொன்னார். மேசையில் மருத்துவ இதழ் ஒன்றின் பிரதி கிடந்தது. முந்தைய நாள் பொது மருத்துவர்கள் கூடிப் புதிய ஆராய்ச்சி முடிவுகளைப் பேசினார்களாம்.

“டீச்சர், அந்த மாத்திரைய இன்னையோட நிறுத்திடுங்க. ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வர்ற சான்ஸ் அதிகம்னு தெரிய வந்திருக்கு.”

“நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?”

“ஆமா. அப்ப எனக்குத் தெரியல.”

சாக்குச் சொல்லவில்லை. இ.சி.ஜி. (இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார். சரியாகவே இருந்தது.

“வேற யாருக்காவது குடுத்தீங்களா?”

“இல்ல சார்,” என்றேன். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான்.

வசந்தாவுக்குச் சர்க்கரையும் உண்டு. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கோவளம் பக்கம் வீடு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பயந்துபோனேன். ஜெபத்தில்கூட அவள் பெயர்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் குரல் கேட்டது. “டீச்சரம்மா, வஞ்சிரம் கீது.” நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். “நீ படிச்சவ, நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு துன்னேன்.”



அன்று மாலையே அவளை அழைத்துப் போனேன். டாக்டரிடம் என் பொய்யை நானே சொன்னேன். “அன்னிக்கே சொல்லியிருந்தா தேடிப் போயிருக்கலாமே, டீச்சர்,” என்றார். அவளுடைய இ.சி.ஜி.யும் சரியாக இருந்தது. இறங்கும்போது என் முட்டி சுரீரென்றது. வசந்தா ஒரு படி முன்னால் நின்று தோளைக் காட்டினாள். “புடிச்சிக்கோ. இன்னா அவசரம்?”

வலி திரும்பி வந்துவிட்டது. எங்கே போவதென்றாலும் இப்போது கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன். மாதம் ஒரு முறை நாங்கள் இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போகிறோம். பதினான்கு படிகளையும் எண்ணித்தான் ஏறுகிறேன். அவளுக்கு மூச்சு வாங்கினால் என் கால் நின்றுவிடுகிறது.