லயத்துக் கொல்லையில் கடித்த சிலந்தி

கல்யாணமாகிப் பாலோ ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்த புதிது. என் வீட்டுக்காரர் பால்மரம் சீவப் போவார், வருவார். என்னோடு அதிகம் பேசமாட்டார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டின் கொல்லையில் விறகு எடுத்தபோது, உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று என் விரலைக் கடித்துவிட்டது. அலறலைக் கேட்டு ஓடிவந்தவர் அதைத் தேங்காய்ச் சிரட்டையால் அமுக்கி, துணியில் முடிந்துகொண்டு, என்னை முதுகில் சுமந்தபடி தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"கண்ண மூடாத. பேசிக்கிட்டே வா" என்றார்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் துணியைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "இது கரப்பான் திங்கிற வீட்டுச் சிலந்திப்பா. ஒடம்பு தட்டையா, கால் நீளமா இருக்கு பாரு. விஷமுள்ளது கறுப்பா, ஒடம்பெல்லாம் மயிரா, மண்ணுல வளை தோண்டி இருக்கும். அது கடிச்சா கை வீங்கிடும்."

"நிச்சயமாத் தெரியுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டவர், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வெளியே வந்ததும், "நடந்துடுவியா?" என்றார்.

வலி அப்போதே போயிருந்தது. "முடியாதுங்க" என்றேன்.

உடனே முதுகைக் காட்டிக் குனிந்தார். ரப்பர் மரங்களுக்கிடையே, அவர் தோளில் கன்னம் வைத்தபடி வீடு வந்தேன். அதற்குப் பிறகும் அவர் அதிகம் பேசியதில்லை. எனக்கு அது ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை.