முகம் தெரியாத படம்

கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவர்கள் முகத்தின் மேல் வெளிச்சத்தை வாளி வாளியாகக் கொட்டுவார்கள். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். செங்கம் சாலையை ஒட்டிய தெருவில், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நான் நடத்தும் சின்ன ஸ்டூடியோவுக்கு வரும் பெண்கள் வேறு மாதிரிப் படம் கேட்பவர்கள். அவிழ்த்த கூந்தல், திறந்த முதுகு, உடம்பில் சுற்றிய ஒரு போர்வை. தங்களுக்காக மட்டுமே எடுத்துக்கொள்ளும் படங்கள். அதற்கு ஒரு ஜன்னலும், திரையாகக் கட்ட ஒரு வெள்ளை வேட்டியும் இருந்தால் போதும்.

மாடியில் புதிதாகக் குடிவந்தவள் ஒரு நாள் இறங்கி வந்து, தனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்றாள். வேலூரில் புருஷனின் அடி தாங்காமல் ஓடி வந்தவள். இங்கே ஒரு துணிக்கடையில் வேலை. எந்த ஊரில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று போன் நம்பரைக்கூட மாற்றியிருந்தாள். புது நம்பர் அவள் தங்கையிடம் மட்டும்தான் இருந்தது.

"மூஞ்சி தெரியக் கூடாதுக்கா. ஆனா நான்தான்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

"அவ்ளோதானே? வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. உங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது" என்றேன்.

அவள் அறை ஜன்னலுக்கு நேரே அண்ணாமலை தெரியும். சாயங்கால வெயில் மலை மேல் விழும் நேரத்தில் அங்கேயே எடுத்தோம். வித்தை சுலபம். கேமராவில் வெளிச்சத்தை மலைக்குத் தகுந்தபடி அளந்து வைத்தால், ஜன்னலில் நிற்பவர் கரிய நிழலாகிவிடுவார். கழுத்து வளைவும், தோளில் சரிந்த சேலையும், முடியின் ஓரத்தில் ஒரு பொன்கோடும் மட்டும் மிஞ்சின. படத்தைப் பார்த்து அவள் அழுதாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்றைக்கே அதை வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, படம் எடுக்க வந்த உள்ளூர் டீச்சர் ஒருவர் என் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்தார். "இது உங்க மாடில எடுத்ததுதானே?" என்றார்.

"எப்படிங்க தெரியும்?"

"மலையப் பாத்தாலே தெரியுதே. இந்தத் தெருவை விட்டா வேற எங்க இப்படித் தெரியும்?"

கிரிவலம் சுற்றும்போது இந்த மலை அடிக்கு அடி உருவம் மாறும். சுற்றிப் பழகியவர்கள் அதன் சரிவைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அவள் முகத்தை இருட்டாக்கிய அதே வெளிச்ச அளவு, மலையை மட்டும் துல்லியமாக எடுத்துக் கொடுத்திருந்தது.

மாடிக்கு ஓடினேன். "ஐயோ, என்னையே எவனும் பாக்கல, மலையையா பாக்கப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே முகப்புப் படத்தை நீக்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தெருவில் வண்டி நின்றாலே எட்டிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம். சலவைச் சட்டை போட்ட ஒருவன் தெருவில் நின்று போனை மலைக்கு நேரே தூக்கிப் பிடித்தான். போனைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி பார்த்தான். இன்னொரு கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். என்னைக் கண்டதும் பணிவாகக் கிட்டே வந்தான்.

"அக்கா, இந்தப் படம் இங்கேர்ந்து எடுத்ததுங்களா? என் மச்சினிச்சி போன்ல பாத்து எடுத்து வெச்சிருந்தேன்."

"இந்தப் பக்கம் இல்லைங்க. மலையச் சுத்திப் போனா அடி அண்ணாமலைன்னு ஊரு வரும், அங்க போய்ப் பாருங்க."

அவன் சிரித்தான். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என் சம்சாரம் போனதுலேர்ந்து மாசா மாசம் பௌர்ணமிக்குச் சுத்துறேன்க்கா. அவ கிடைக்கணும்னுதான் வேண்டுதலு. மலை எங்க எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

பூவோடு கையைக் குவித்து மலையைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு எங்கள் மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினான்.