கையில் பிளாஸ்டர், தலையில் தண்ணீர்

பன்னிரண்டு வயதில் என் இடக்கை முறிந்தது. முறிந்ததற்கு நான் அழவில்லை. ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது என்று டாக்டர் சொன்னபோதுதான் வாயைப் பிளந்துகொண்டு குழறி அழத் தொடங்கினேன். நோவில் அழுகிறேனாக்கும் என்று நினைத்து நேர்ஸ் ஒரு இனிப்புத் தந்தாள். அதையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் அழுதேன்.

அது எழுபத்தாறாம் வருஷம். சிட்னியில் மரூப்ரா கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு செங்கல் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், பிறகு அம்மாவின் தம்பி. மாமாவுக்கு இருபத்திமூன்று வயது. படிக்க வந்தவர், எங்கள் முன்னறை சோபாவில் குடியேறிவிட்டார். அம்மம்மா நேரத்தோடு செத்துப்போனதால் அவரைத் தூக்கி வளர்த்தவர் அம்மாதான். மீசை முளைத்த பிறகும் மீனில் முள் எடுத்துத்தான் கொடுப்பார்.

அந்த மாமாவுக்கு வந்த முதல் கோடையிலேயே கடல் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கேயோ ஒரு பழைய அலைப்பலகை வாங்கிக்கொண்டு வந்தார். அடியில் இருந்த செட்டை பாதி உடைந்திருந்தது. எனக்கு, பெட்டிகளுக்குள் அடைத்து வருகிற இலேசான வெள்ளை ரெஜிஃபோமில் ஒரு சின்னப் பலகை. அதில் குப்புறப் படுத்தால் வயிறு முழுக்க உரசிச் சிவந்துபோகும். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றாக விழுந்தோம், ஒன்றாக உப்புத்தண்ணி குடித்தோம். கடைசியில் அலையின் மேல் முதலில் எழும்பி நின்றது நான்தான். மாமா கரையில் நின்று கத்திய கத்தலில் நாய்கள் குரைத்தன. இன்றுவரைக்கும் என் வாழ்க்கையில் அப்படி ஒருத்தரும் எனக்காகக் கத்தியதில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவருக்குக் கடல் என்றால் எங்கள் ஊர்க் கீரிமலை. ஆடி அமாவாசைக்கும், செத்தவர்களின் சாம்பல் கரைக்கவும் போகிற இடம். அங்கே போய்ப் பெண்பிள்ளை ஒருத்தி துள்ளி விளையாடுவாளா என்று கேட்பார். கரையோரமாக வந்து அடித்த ஒரு கெட்ட அலை என்னைத் தூக்கி மண்ணில் குத்தியபோது, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. மாமா என்னைத் தூக்கிக்கொண்டு படியேறி வர, அம்மா என் கையைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார். "உன்னை நம்பித்தானே விட்டனான்" என்றார். ஏசியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

பிளாஸ்டர் முழங்கைக்கு மேலே வரை. முதல் கிழமை ஏதோ பெருமையாக இருந்தது, வகுப்பில் எல்லாரும் பெயர் எழுதினார்கள். இரண்டாம் கிழமை அது நாறத் தொடங்கியது. உள்ளே கடித்த கடியில் அம்மாவின் பின்னல் ஊசியைக் களவெடுத்துச் சொருகிச் சொறிந்தேன். அயன் பண்ணுகிற பலகையை மடித்து நிலத்தில் போட்டு, குப்புறப் படுத்து, ஒற்றைக் கையை ஊன்றி எழும்பி நின்று பழகினேன். கீழ்வீட்டுக்காரன் தடியால் கூரையை இடித்துக் கத்தினான். அம்மா அந்தப் பலகையைத் தூக்கித் தன் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரைச் சுவரில் போய்க் குந்துவேன். மாமாவும் வந்து பக்கத்தில் குந்துவார். மற்றப் பிள்ளைகள் என் அலைகளில் ஏறி வருவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். ஆம், என் அலைகள்தான். நான் போயிருந்தால் நான் பிடித்திருப்பேன். யாராவது விழுந்தால் சந்தோஷமாக இருக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மாமா தண்ணியில் இறங்கவே இல்லை. போங்கோவன், எனக்காக ஒருத்தரும் காவல் இருக்கத் தேவையில்லை என்று அவர்மேல் சீறுவேன். "இண்டைக்குக் காத்துச் சரியில்லை" என்பார். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருக்கும். அதைவிடச் சரியான காற்று கிடையாது என்று எனக்கும் தெரியும். அம்மாவுக்குப் பயந்து சாகிறார் என்று எனக்குள்ளே இளக்காரமாக நினைத்துக்கொள்வேன்.

நாலாம் கிழமை நான் பெரிய பிள்ளையானேன்.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், அப்பா வேலை செய்யும் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து மறுபடி அழுதார். பிறகு தலைக்கு வார்க்க வேண்டுமென்று வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்து என் கையைப் பார்த்தார். வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அன்று மாலை அந்த வீட்டில் நடந்த ஆராய்ச்சியை ஒரு பல்கலைக்கழகமும் நடத்தியிருக்காது. பாண் ரொட்டி வருகிற பொலித்தீன் பையைக் கையில் மாட்டி ரப்பர் வளையம் போட்டால் தண்ணி போகாது என்றார் அப்பா. இஞ்சினியர் அல்லவா, முதலில் தன் கையில் மாட்டிப் பார்த்தார். குழாயின் கீழே பிடித்து அரை நிமிஷத்தில் பை நிறையத் தண்ணி. டாக்டருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டார். ஏன் தலையில் வாளியால் ஊற்ற வேண்டும் என்று டாக்டர் கேட்க, அப்பா கொஞ்ச நேரம் திக்கிவிட்டு, எங்கள் சமயம் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆக, இப்போதைக்கு ஈரத்துணியால் துடைப்பது, பிளாஸ்டர் வெட்டியதும் வருகிற சனிக்கிழமை முறைப்படி தண்ணீர் வார்ப்பது என்று முடிவாகியது. அதுவரைக்கும் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். நல்லெண்ணெய் என்று அப்பா சீனக்கடையில் வாங்கிவந்தது வறுத்த எள்ளில் எடுத்த கறுப்பு எண்ணெய். குடித்தால் புகைந்த சட்டியை நக்கினதுபோல் இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இன்னும் இரண்டு கிழமைதானே, பிறகு கடல் என்று.

அந்த நினைப்பில்தான் ஒருநாள் குசினி வாசலால் போனபோது அம்மா சமைத்துக்கொண்டே அப்பாவிடம் சொல்வது கேட்டது. "தண்ணி வார்த்தாப் பிறகு கடலும் இல்லைக் கிடலும் இல்லை. பலகையை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ." அப்பா "ம்" என்றார்.

எந்தப் பிளாஸ்டர் எப்போது கழலும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேனோ, அந்தப் பிளாஸ்டர் இருக்கும்வரைதான் எனக்குக் கடல் என்கிற நம்பிக்கையே மிச்சம். அது கழன்றால் தண்ணி வார்ப்பார்கள். வார்த்தால் எல்லாம் முடிந்தது. நேரே பாத்ரூமுக்குள் போனேன். கதவுக்குப் பூட்டில்லை. குளியல்தொட்டியின் விளிம்பில் பிளாஸ்டரை ஓங்கி அடித்தேன். நோ உச்சிவரை ஏறியது. இரண்டாம் முறை அடித்தேன். மூன்றாம் முறை ஓங்கியபோது மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"விசரி! கை சூம்பிப்போகுமடி!"

"போகட்டும்! இது ஆறவே வேண்டாம்!" என்று விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தொட்டி விளிம்பில் குந்தினார். அந்த நேரம்தான் எனக்கு அந்தப் பொல்லாத புத்தி வந்தது. தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். அம்மாவுக்கு இந்தக் கண்டத்திலேயே ஒரேயொரு சகோதரம்தான் இருக்கிறது.

"நீங்கள் வார்க்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ மாமா. நீங்கள் இல்லாமல் அவையால ஒண்டும் செய்யேலாது."

மாமா பிளாஸ்டரில் ஓடியிருந்த வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பற்பசையை எடுத்து அதன்மேல் பூசி விரலால் மட்டப்படுத்தினார். "பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்ச நாளெல்லாம் நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். சுற்றுகிற வாளால் டாக்டர் பிளாஸ்டரை அறுத்தபோதுகூடப் பயப்பட நேரமில்லை. உள்ளேயிருந்து வந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, ஊறின தேங்காய்ப் பொச்சுமட்டை வாசத்தோடு வந்தது. எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றார் டாக்டர். நான் செய்த கூத்துக்கு அது என் நல்லகாலம்.

சனிக்கிழமை வந்தது. அம்மா மூன்று நாளாக நித்திரையில்லாமல் பலகாரம் சுட்டிருந்தார். சிட்னியில் அவருக்குத் தெரிந்த தமிழர் எல்லாரும் வந்தார்கள், எல்லாருமாக முப்பது பேர் வருமோ என்னவோ. தூரத்துப் புறநகர்களிலிருந்து இரண்டு ரெயில் மாறி, பட்டுச்சேலையோடு வந்த அன்ரிமார். தமிழ்நாட்டு டாக்டர் குடும்பம் ஒன்று. அந்தம்மா, "ஆமா, எங்க ஊர்லயும் இதெல்லாம் செய்வாங்க, தாய்மாமன் இல்லாம எதுவும் நடக்காது" என்று சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்த ஊருக்கு வந்து அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. கட்டடத்துக்குப் பின்னால், எல்லா வீட்டுக்காரரும் துணி காயப்போடும் புல்தரையில் முக்காலி போட்டு என்னை இருத்தினார்கள். அறுகம்புல் தேடி அம்மா அலையத் தேவைப்படவில்லை. கீழ்வீட்டுக்காரன் களை என்று மருந்தடித்துக் கொன்றுகொண்டிருந்தது அதைத்தான். அவனும் பெண்சாதியும் யன்னலில் நின்று பார்த்தார்கள்.

மாமா வேட்டி கட்டியிருந்தார். தேங்காய் உடைத்தார். பாலும் அறுகும் என் தலையில் வைத்தார். பிறகு செம்பைத் தூக்கினார். தூக்கியவர் வார்க்கவில்லை.

மஞ்சள் தண்ணீர் செம்பின் விளிம்பில் ஆடுவது தெரிந்தது.

"அக்கா," என்றார் மாமா. "இவளைத் திரும்பக் கடலுக்கு விடுறன் எண்டு சொல்லுங்கோ. பிறகு வார்க்கிறன்."

யாரோ ஒருவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். முப்பது முகமும் அம்மாவின் பக்கம் திரும்பின. அப்பா மணிக்கூட்டைப் பார்த்து, நல்ல நேரம் முடியப்போகிறது என்று முணுமுணுத்தார். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. மாமாவைப் பார்க்காமல், செம்பைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

தண்ணீர் என் தலையில் விழுந்தது. குளிரில் உடம்பு நடுங்க நடுங்க நான் சிரித்தேன். அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அம்மா எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறினார், மாமாவுக்கும் பரிமாறினார், அவர் முகத்தைப் பார்க்காமல். "தம்பியார் சபையில வைச்சு நல்லாக் கேட்டுட்டார்" என்று ஒரு அன்ரி உரக்கச் சொன்னார். அம்மா அவருடைய இலையில் இன்னும் ஒரு வடை வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மாமா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். கை பலகையை ஊன்றி எழும்ப மறுத்தது. மூன்று முறை முகம் குப்புற விழுந்தேன். மாமா இடுப்பளவு தண்ணியில் நின்று பலகையின் பின்புறத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் தான் மெல்போர்னுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அங்கே ஒரு சிநேகிதனின் அறையில் இடம் இருக்கிறதாம், வேலையும் கிடைக்குமாம்.

"அங்க அலை இருக்கே மாமா?"

"குடாக் கடல். பெரிசா இல்லை."

அலையில்லாத ஊருக்கு ஏன் இந்த மனுஷன் போகிறார் என்று யோசித்தேன். ஆனால் நான் கேட்டது அதுவல்ல. இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "அப்ப என்னை ஆர் கடலுக்குக் கூட்டிக்கொண்டு வாறது?" என்றுதான் கேட்டேன்.

மாமா போனார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அவருக்கும் அம்மாவுக்கும் ஒரு கதைபேச்சும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை. பெரியவர்கள் சோம்பலில் கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சனிக்கிழமைதோறும் அவரே என்னைக் கூட்டிவந்தார். சேலையோடு மணலில் இருப்பார், மடியில் கைப்பை. என் கை தேறிவிட்டது, அலை பிடிக்கத் தொடங்கிவிட்டேன், ஆனால் அவர் என்னைப் பார்ப்பதே இல்லை. மாமாவின் வயதில், தலை நனைந்த பெடியன் எவனாவது பலகையை இடுக்கிக்கொண்டு கரையேறினால் போதும், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். அவன் கிட்ட வரும்வரை பார்ப்பார். வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு அடுத்தவன். எனக்கு மானம் போனது. அரைக்காற்சட்டைப் பெடியன்களை ஒரு சேலை கட்டிய அம்மா இப்படியா உற்றுப் பார்ப்பது? ஒருநாள் தண்ணி சொட்டச் சொட்ட வந்து சொல்லியே விட்டேன்.

"அம்மா, அப்பிடிப் பாக்காதேங்கோ. சனம் சிரிக்கும்."

"சரி பிள்ளை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் அலையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வந்து நிற்கிற ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒருவழியாக நான் சொன்னதைக் கேட்டுவிட்டார் என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.