வேப்பிலை கட்டினீர்களா என்று கேட்டவர்

கம்பவுண்டர் அருளப்பன் போய்விட்டார் என்று மருமகள் கடைத்தெருவிலிருந்து வந்து சொன்னாள். கரைத்துக்கொண்டிருந்த புளியைக் கரைத்து முடித்த பிறகுதான் எழுந்தேன். அவர்மேல் எனக்குப் பதிமூன்று வருஷத்துக் கோபம்.

அல்சூரில் அவர் வேலை பார்த்த பல் டாக்டரிடம் போனவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். லிங்கராஜபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஊசி போடுவது அவர்தான். “டாக்டர் பல்லைப் பாக்கட்டும், நான் ஆளைப் பாக்கறேன்” என்பார்.

பதிமூன்று வருஷத்துக்கு முன் கன்னம் வீங்கி, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் அங்கே போயிருந்தேன். டாக்டர் பெனிசிலின் போடச் சொன்னார். ஊசிக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டே அருளப்பன் கேட்டார்:

“இதுக்கு முன்னாடி இந்த ஊசி ஏதாவது பண்ணிச்சாம்மா?”

“போன வருஷம் போட்டாங்க. ஒண்ணும் பண்ணல.”

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“போட்டப்புறம் வீட்ல வேப்பிலை கட்டினீங்களா?”

“கட்டினோம். ஊசி போட்ட மறுநாளே அம்மா வந்துட்டா. உடம்பெல்லாம் தடிப்பு. உதடுகூட வீங்கிடுச்சு. ரெண்டு நாள்ல போயிட்டா.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “ரெண்டே நாள்ல போறதுக்கு அம்மா என்ன விருந்தாளியா?”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“சர்ச்சுக்குப் போறவருக்கு எங்க அம்மாவைப் பத்தி என்னய்யா தெரியும்? போடுய்யா, உசிரு போகுது!”

“போகக் கூடாதுன்னுதான் போடல.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்கள மாதிரிதான் ஒருத்தங்க ஒண்ணும் பண்ணலன்னாங்க. நான்தான் போட்டேன். இந்த நாற்காலியிலேயே மூச்சடைச்சுப் போயிட்டாங்க. சாவுக்குப் போனா, வாசல்ல காஞ்ச வேப்பிலை. முந்தின ஊசிக்கு வந்த தடிப்பை அம்மைன்னு நெனச்சுக் கட்டினதாம்.”

டாக்டர் ஈறைக் கீறிச் சீழை எடுத்து, வேறு மாத்திரை கொடுத்து அனுப்பினார். நாலு நாள் வலி. நாலு நாளும் அருளப்பனைத்தான் திட்டினேன். அவர் செய்தது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரே சிரித்ததே! அதன் பிறகு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

“கோபம் இருக்கட்டும்மா. ஆளு இருக்கீங்கல்ல” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதிப்பார். நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர் போன மறுவாரம் மருமகளுக்குப் பல்வலி. வேறு டாக்டர். முன்னாடி இந்த ஊசி ஏதாவது பண்ணிச்சா என்று நர்ஸ் கேட்டாள், இவளும் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். ஊசி அருகில் வந்துவிட்டது.

“இரும்மா” என்றேன் நர்ஸிடம். “ஏண்டி, உங்கம்மா வீட்ல எப்பவாவது ஊசி போட்டப்புறம் வேப்பிலை கட்டினாங்களா?”

“இல்லத்தே.”

அன்றைக்குப் பெஞ்சில் எழுந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அருளப்பனுடைய கேள்வியையும்தான். இன்னொரு தடவை கேட்டேன். அதற்கும் இல்லை என்றாள். பிறகுதான் கையை நீட்ட விட்டேன்.