பூட்டாமல் அனுப்பிய போஸ்டர்

போடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பியூலாவின் கடைக்கு வந்து, போஸ்டர் டிசைனைப் பூட்டாமல் அப்படியே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர்கள் யாரும் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனதில்லை. மாதிரிக்கு அனுப்பும் படத்தில் கடையின் பெயர் குறுக்கே ஓடும். வேலை முடிந்ததும் எழுத்துகளை எல்லாம் 'கர்வ்' ஆக்கிவிடுவாள். அதன் பிறகு எழுத்து வெறும் கோடுதான். ஒரு புள்ளியைக்கூடத் தட்டி மாற்ற முடியாது. அதற்கும் மேலே கடவுச்சொல் போட்டு, நேராக அச்சகத்துக்கு மட்டும் அனுப்புவாள். ராங்கிக்காரி என்று சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அந்தப் புத்தி சும்மா வரவில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு சடங்கு வீட்டு பேனருக்கு இரண்டு தாய்மாமன்கள். இருவர் படத்தையும் ஒரே அளவில் வைத்து, பூட்டாமல் கொடுத்தாள். இளையவர் தன் படத்தைப் பெரிதாக்கி, மூத்தவரைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டார். விசேஷ வீடு ரெண்டுபட்டது. மூத்தவர் ஆட்களோடு வந்து உடைத்தது பேனரை அல்ல, பியூலாவின் கடைக் கண்ணாடியை. பேனரின் அடியில் பொடி எழுத்தில் 'பியூலா டிசைன்ஸ்' என்றும் செல் நம்பரும் இருந்ததே, அது போதாதா?

பியூலா கட்டிக்கொண்டது அருள்பாண்டியை. எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். வேறு சாதி, வேறு சாமி. அன்றோடு பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. ஏழு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அப்பா ஜோசப் மட்டும் கடைக்கு வந்தார். ஏலக்காய்க் கடையில் காய் சலித்து ரகம் பிரிக்கிற வேலை அவருக்கு. விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும் என்றார். காய் சலிக்கிறவருக்கு எதற்கு விசிட்டிங் கார்டு? பியூலா கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம் வாராவாரம் வந்தார். கார்டு மட்டும் முடியவே இல்லை.

வந்தால் திரையில் இருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைத்தான் பார்ப்பார். அடியில் வரிசையாக வரும் மகன், மகள், மருமகன் பெயர்களை விரல் வைத்துப் படிப்பார். ஒருநாள் படித்து முடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு நீதான் போடணும் ஆத்தா. மகள்னு ஒம் பேரு, மருமகன்னு அவரு பேரு, ரெண்டும் இருக்கணும். உசுரோட இருக்கையில ஊருக்குள்ள சொல்லத் தைரியமில்லாமப் போச்சு. செவுத்துலயாவது இருக்கட்டும்."

இதென்ன பேச்சு என்று பியூலா திட்டினாள். ஆனாலும் அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் நெஞ்சு வலியில் ஜோசப் போய்விட்டார். சொன்னது அண்ணன் பிரபு. ஒன்பது வருஷத்தில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். போஸ்டரையும் அவளையே போடச் சொன்னான். அழுதுகொண்டே போட்டாள். அப்பா கேட்டபடி இரண்டு பெயரையும் வைத்தாள். மாதிரியைப் பார்த்துவிட்டு அவன் நன்றாக இருக்கிறது என்றான். அடக்கத்துக்கு நேரம் முடிவாகவில்லை, சித்தப்பா வந்து சேர வேண்டும், தேனி அச்சகத்தில் வைத்தே நேரத்தைப் போட்டுக்கொள்கிறேன் என்றான்.

"தெறந்த பைலா அனுப்பிரு பியூலா. காலைல வீட்டுக்கு வா, அப்பாவப் பாரு."

வீட்டுக்கு வா என்ற அந்த ஒரு சொல்லில் அவள் கரைந்துபோனாள். கைப்பழக்கத்தில் கடவுச்சொல் கட்டம் வரை போனவள், கூடப்பிறந்தவனிடமே பூட்டா என்று வெட்கப்பட்டு, அப்படியே அனுப்பிவிட்டாள்.

காலையில் அருள்பாண்டியோடு போகும்போது சர்ச் தெரு முனையில் போஸ்டரைப் பார்த்தாள். அவள் வைத்த சிலுவை, அவள் தேர்ந்தெடுத்த எழுத்து. மகன் பிரபு, மருமகள் பவித்ரா, பேரப்பிள்ளைகள். மகளும் இல்லை, மருமகனும் இல்லை. இடைவெளிகூட விடாமல் மற்ற வரிகளை அழகாக இறக்கி நிரப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு மகளே இல்லை என்று ஊர் முழுக்க ஒட்டியிருந்தது.

பைல் கையில்தானே இருக்கிறது, வெரசா நூறு அடித்து மேலேயே ஒட்டிவிடுவோம் என்றான் அருள்பாண்டி. பியூலா வேண்டாம் என்றாள். அப்பா முகத்தின் மேலேயே அப்பா முகத்தை ஒட்டி ஊர் சிரிக்க வேண்டாம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பிரபுவிடம் மட்டும் கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சபையில நாலு பேரு கேப்பாங்க. நீ வந்துட்டேல்ல, அது போதாதா?"

அவளுக்கு அண்ணன் மேல்கூட அத்தனை கோபம் வரவில்லை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. யார் யார் வீட்டு விசேஷத்துக்கோ பூட்டிக் கொடுத்தவள், பெற்றவருக்குப் பூட்டவில்லை. அந்த நினைப்புத்தான் அவளை அறுத்தது.

பத்து நாள் கழித்து தேவாரத்திலிருந்து மொக்கச்சாமி என்று ஒருவர் போன் செய்தார். ஜோசப் போஸ்டரைப் பார்த்தாராம்; இறந்துபோன தன் அம்மாவுக்கும் அதே மாதிரி வேண்டுமாம். எங்க காயையும் அவர்தான் சலிப்பார், நல்ல மனுசன் என்று பேசிக்கொண்டே போனவர், அவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார்.

"எங்கப்பாண்ணே."



"போஸ்டர்ல ஒங்க பேரக் காணமேம்மா."

"கீழ பொடி எழுத்துல இருக்குண்ணே. அதப் பாத்துத்தான நீங்க போன் போட்டீங்க."

பியூலா பேனாவை எடுத்துக்கொண்டு, அவருடைய அம்மாவுக்குப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள்.