கல்லுக் காணும்

நோர்வேயின் ரொம்சோஸ் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள காட்டில் மஞ்சள் இலைகள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்து நண்பர் யோகனும் அவர் மனைவி வசந்தியும் சனிக்கிழமைதோறும் இலையுதிர்காலத்தைப் பார்க்க நடப்பவர்கள். சென்னையிலிருந்து வந்த என்னையும் கூட்டிவந்திருக்கிறார்கள். ஆனால் மூவரும் தரையைத்தான் பார்க்கிறோம்.

அவர்கள் வீட்டுக் கண்ணாடி பால்கனியில் ஒரே ஒரு புடலங்காய் காய்த்திருக்கிறது, அதுவும் கேள்விக்குறிபோல வளைந்து. நுனியில் கல் கட்டினால் நிமிரும். நோர்வேயில் புடலை காய்க்காது என்று அடித்துச் சொன்ன வசந்தியின் அக்கா, நாலு நாளில் வீட்டுக்கு வருகிறார்.

யோகன் எதையோ பொறுக்கிச் சட்டைப்பையில் போடுகிறார். "கல்லுக் காணும், போவம்."

கல்லைத் தொலைத்துவிட்டார், பாவம். நான் முட்டை அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். எங்களுடையது விவசாயக் குடும்பம். எங்கள் வயலை நான் ரயிலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் அவர்கள் தேநீர் போடுகிற நேரத்தில் நானே கல்லைக் கட்டிவிட்டுக் கையை எடுக்கிறேன். பாதிக் காய் கல்லோடு தரையில் விழுகிறது.

சுண்டைக்காய் அளவு கல்லோடு யோகன் வந்து நிற்கிறார். "இது காணுமெண்டு அப்பவே சொன்னனானல்லோ?"

"காணோம்னு இல்லீங்க சொன்னீங்க?"

"காணுமெண்டா 'போதும்' எண்டு அர்த்தமண்ணை."

யோகன் இன்று முதல்முறையாக இலையுதிர்காலத்தைப் பார்க்கிறார், பால்கனிக் கண்ணாடி வழியாக. வசந்தி விழுந்த துண்டை எடுத்து, கொடியில் தொங்கும் மிச்சத்தின் அருகே பிடிக்கிறார்.

"பரவாயில்லை அண்ணை. இப்ப ரெண்டும் நேராத்தான் இருக்குது. அக்காவிட்டை ரெண்டு காய்ச்சதெண்டு சொல்லுவம்."