சாமான் ஒரு வீட்டில், நாங்கள் ஒரு வீட்டில்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் என்றால் நானும், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளும். என் கணவர் தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரே ஒரு பெட்ரூம், கையைக் கடிக்காத வாடகை, இவ்வளவுதான் தேடினேன்.

அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! போனில் ‘காலியா இருக்கு, வாங்க’ என்பார்கள். நேரில் போய் நின்றால் முதல் கேள்வி, “சார் வரலையா?” சார் இல்லை என்றதும் வீடும் இல்லாமல் போய்விடும். செம்பாக்கத்தில் ஒருவர், “ஃபேமிலிக்குத்தாம்மா குடுப்போம்” என்றார். பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு நிற்கிறேன், நாங்கள் ஃபேமிலி இல்லையென்றால் பின்னே யாராம்? கேட்க நினைத்தேன், கேட்காமல் வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்ததும் ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள். யார் எதற்காக வேண்டாம் என்கிறார்கள் என்றே புரியாமல் மண்டை குழம்பிப் போயிற்று.

மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது, மாடம்பாக்கத்தில் ‘டு-லெட்’ போர்டு தொங்கிய ஒரு வீட்டைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா அதே காம்பவுண்டில் முன்வீட்டில் இருந்தார். பரம்பரையாக அந்த ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். சார் இல்லை, சர்ச்சுக்குப் போவோம், மீன் சமைப்போம் என்று நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “வஞ்சிரம்னா எனக்கும் ரெண்டு துண்டு குடுங்க” என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்போது குடி வரலாம் என்றேன்.

“ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்.”

முகம் தொங்கிப்போயிற்று. பார்த்துக்கலாம் என்றால் நம் ஊரில் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? ஆவணிக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. என் நெருக்கடியைச் சொல்லக்கூட வாய் வராமல் திரும்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பக்கம் ஆட்டோவில் போனால், போர்டைக் காணோம். வந்ததே எனக்குக் கோபம்! ஆட்டோவை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போனேன். “கிறிஸ்டியனுக்கு, புருஷன் இல்லாதவளுக்குக் குடுக்க இஷ்டமில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே? ஆவணின்னு சொல்லிட்டு வேற யாருக்குக் குடுத்தீங்க?” என்று கத்தினேன்.

அந்த அம்மா திருதிருவென்று விழித்தார். “இன்னாம்மா இது? உங்களுக்குத்தானே குடுத்துக்கீறேன். அதனாலதான் போர்டையே கழட்டினேன்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “அப்புறம் ஏன் இப்ப வரக் கூடாதுங்கறீங்க?”

“ஆடியில யாராவது குடி போவாங்களா? இதுக்கு முன்னாடி ஒரு ஜோடி, சொல்லச் சொல்ல கேக்காம ஆடியிலதான் அந்த வூட்டுக்கு வந்துச்சி. ஆறே மாசத்துல பிரிஞ்சிடுச்சி. நீங்க ஏற்கெனவே பட்டுட்டு வந்து நிக்கிறீங்க. இதுக்கு மேல உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா என்னால தாங்க முடியாதும்மா.”

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வேன்? காலி செய்ய வேண்டிய தேதியை மட்டும் சொன்னேன். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று திட்டினார்.

அவர் செய்த ஏற்பாடு அதைவிடக் குழப்பம். சாமானை இறக்கலாம், நாங்கள் மட்டும் குடி போகக் கூடாது! பீரோவும் கட்டிலும் பின்வீட்டுக்குள் போயின. ஆவணி முதல் முகூர்த்தம் வரை நானும் மகளும் முன்வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். மகளுக்கு ஒரு நோட்டு வேண்டுமென்றாலும் அவரே சாவியோடு போய் எடுத்து வருவார். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கப் போய் இன்னொரு திட்டும் வாங்கினேன்.

ஆவணியில் பால் காய்ச்சிய அன்று, முதல் டம்ளரை அவரிடம் நீட்டி, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எப்ப கத்தினீங்க?” என்று கேட்டுவிட்டுப் பாலைக் குடித்தார்.

இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு வீடு இல்லை என்று சொன்னவர்கள் ஒருவரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை; எனக்காக வீட்டை எடுத்துவைத்திருந்த ஒருவரிடம்தான் போய்க் கத்தினேன் என்பது இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.